கோமளாவின் குரலில் ஒரு கழுதை

எங்கள் கனகாம்பாள் தெருவில் அந்த நீலக் கழுதை மாடிப்படி இறங்கி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. பள்ளிக்கூட வேன்கள் போய்விட்டிருந்தன, கேஸ் சிலிண்டர் வண்டி இன்னும் வரவில்லை, தெரு கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிற நேரம். இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், அந்தப் படி என் ஜெராக்ஸ் கடையை ஒட்டித்தான் இருக்கிறது. நான் அப்போது ஒரு கதாசிரியர் ஐந்தாவது முறையாகத் திருத்திய திரைக்கதையைப் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். கழுதை கடைசிப் படியில் நின்று என் பக்கம் தலையைத் திருப்பி, கடல் எந்தப் பக்கம் என்று யாராவது சொல்கிறீர்களா என்று கேட்டது, நானும் கிழக்கே கையைக் காட்டி, வடபழனி சிக்னலைத் தாண்டிப் போகணும், போக்குவரத்து இருக்கும், பார்த்துப் போ என்றேன். சினிமாக்காரர்கள் புழங்கும் சாலிகிராமத்தில் இருபது வருஷமாகக் கடை வைத்திருப்பவளுக்கு ஆச்சரியம் அவ்வளவு லேசில் வராது. எமதர்மராஜாவே கிரீடத்தோடு வந்து ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போன கடை இது.

அது யார் கழுதை என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அதன் திரைக்கதையை டைப் அடித்தவள் நான். மேலே இரண்டாவது மாடியில் 'கொடி பிலிம்ஸ்' என்று ஒரு பலகை தொங்குமே, அந்த ஜெயக்கொடியின் கழுதை. ஜெயக்கொடி அருப்புக்கோட்டையிலிருந்து இருபத்து மூன்று வருஷம் முன்னால் டைரக்டர் ஆவதற்காக வந்தவள். வந்து, நாலைந்து சீரியல்களில் கிளாப் அடித்து, அங்கே யாரும் இவள் எழுதிய கதையைப் படிக்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டு, மலேசியாவில் ஒரு குழந்தைகள் சேனலுக்குப் பொம்மைப் படம், அதாவது கார்ட்டூன், எழுதப் போனாள். ஒரு அணிலுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு வாரம் எழுதினாள். அந்த அணில் கொடுத்த காசில், நட்சத்திரம் இல்லாமல், பாட்டு இல்லாமல், யாரிடமும் கைகட்டி நிற்காமல் மூன்று படம் எடுத்தாள்: ஒன்று ஹைவேயில் பஞ்சர் கடை நடத்தும் அக்கா தங்கையைப் பற்றி, அது ஒரே ஒரு தியேட்டரில் நாலு நாள் பகல் காட்சி ஓடியது, ஒன்று வெளிநாட்டில் எங்கோ காட்டி ஒரு கண்ணாடிப் பரிசு வாங்கியது, அந்தப் பரிசை என் கடையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன், மூன்றாவது வெளியே வரவே இல்லை. தயாரிப்பாளர் என்றதும் கார் இருக்கும் என்று நினைத்து வீட்டுக்காரர் கீழே ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் பதினோரு வருஷமாக அவளுடைய ஸ்கூட்டிதான் நின்றது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போகிற தயாரிப்பாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், இவள் ஒவ்வொரு தடவையும் அதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கதையை டைப் அடிக்கக் கொண்டுவருவாள்.

நாலாவது படம்தான் பவளம். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் உப்பு மூட்டை சுமக்கும் பவளம் என்கிற கழுதைக்கு, தான் சுமப்பதெல்லாம் கடலிலிருந்து எடுத்தது என்று ஒரு நாள் தெரிய வருகிறது. எடுத்தவர்கள் கடலைக் கேட்டுத்தான் எடுத்தார்களா என்று அதற்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. ஒரு மூட்டை உப்பையாவது திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று கிளம்பி, காடு மேடெல்லாம் நடந்து, வழியில் ஒரு காக்காவையும் ஆமையையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு கடைசியில் கரைக்குப் போய்ச் சேர்கிறது. நீலக் கழுதைக்கு எதற்குப் பவளம் என்று பேர் என்று நான் கேட்டேன். எல்லாத்துக்கும் காரணம் வேண்டுமென்றால் நீயே எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டாள். ஒன்பது வருஷம் அந்தக் கழுதையோடு மல்லுக்கட்டினாள்.

பொம்மைப் படத்தில் ஒரு வழக்கம் உண்டு, அது நம் சினிமாவுக்கு அப்படியே தலைகீழ். நம் சினிமாவில் நடித்து முடித்த பிறகு, நடித்தவரின் உதட்டைப் பார்த்துப் பார்த்து வேறு யாராவது குரல் கொடுப்பார்கள். பொம்மைப் படத்தில் முதலில் குரல், அப்புறம் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு உதட்டை வரைவார்கள். பவளத்துக்குக் குரல் கொடுத்தவர் கோமளா, எங்கள் தெருமுனையில் மோட்டார் காயில் கட்டும் எத்திராஜின் சம்சாரம். கோமளாவின் குரலைக் கேட்காத வீடு தமிழ்நாட்டில் இருக்காது, முகத்தை எங்கள் தெருவில்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. கன்னடத்து நாயகி, மும்பை நாயகி, ஆறு வயசுப் பையன், பேய் பிடித்த மருமகள் எல்லாம் அவர்தான். நாலு வருஷம் முன்னால், ஏழு நாள் உட்கார்ந்து பவளத்தின் அறுபத்திரண்டு வசனத்தில் அறுபத்தொன்றைப் பேசினார். கடைசி ஒன்றை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பன்னிரண்டாம் நாள் போய்விட்டார்.

அந்த ஒலிப்பதிவை அப்படியே எடுத்துப் படம் வரையக் கொடுத்தார்கள் தனபாலனிடம். தனபாலன் கெட்டிக்காரன்தான், ஆனால் அதுவரை பிஸ்கெட் விளம்பரத்துக்கும் பாடப்புத்தகத்துக்கும் வரைந்தவன், குரலுக்கு வரைவது அவனுக்கு அதுதான் முதல் தடவை. ஏழு நாள் பதிவில் வசனம் எது, நடுவில் கோமளா மைக் முன்னால் சும்மா பேசியது எது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. இருமியதற்கு வரைந்தான். தண்ணீர் கேட்டதற்கு வரைந்தான். இன்னொரு தடவை போகலாமா சார் என்றதற்கு, தும்மியதற்கு, யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்ததற்கு, இந்த ஏசியைக் கொஞ்சம் குறைங்கப்பா என்றதற்கு, எல்லாவற்றுக்கும் கழுதையின் வாயை அசைத்து, கண்ணைச் சிமிட்டி, எட்டு மாசம் வரைந்து தள்ளிவிட்டுக் கொண்டுவந்து காட்டினான். ஜெயக்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். படத்துக்கு வேண்டாததையெல்லாம் வெட்டி ஒரு ஓரத்தில் போட்டுவிட்டு மிச்ச வேலையைப் பார்த்தார்கள். படத்தில் இடமில்லாமல் இவ்வளவு உயிர் ஒரு கழுதைக்கு மிஞ்சிப்போனால் அது படியிறங்கி வராமல் என்ன செய்யும் என்பது எங்கள் தெருவின் தீர்மானம், அதற்கு மேல் காரணத்தை நாங்கள் தேடவில்லை.

கழுதை கடலுக்குப் போகவில்லை. ஜெயக்கொடியின் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில், வராத காருக்காக ஒதுக்கிய இடத்தில் போய் நின்றுகொண்டது. பென்சில் கோட்டால் ஆன உடம்பு, நின்ற இடத்திலும் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும், பார்க்கப் பார்க்கப் பழகிவிடும். நிழல் போடும் வேலை பாக்கி இருந்ததால் அதற்கு நிழல் கிடையாது. பிள்ளைகள் வாங்கி வைத்த கேரட்டை முகர்ந்து பார்க்கும், தின்னாது. அதைத் தின்று எதிர் வீட்டுப் பசு ஒரு சுற்று பெருத்தது. மாநகராட்சியிலிருந்து மாடு பிடிக்கிற வண்டி வந்தது, கயிறு போட்டார்கள், கயிறு உள்ளே புகுந்து வெளியே வந்தது, ரெண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு நோட்டில் 'படம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். டப்பிங் சங்கத்திலிருந்து ரெண்டு பேர் வந்து, கார்டு இல்லாமல் பொது இடத்தில் யார் பேசுவது என்று விசாரித்தார்கள். கோமளாவின் கார்டுக்கு எத்திராஜ் விடாமல் அடுத்த மார்ச் வரை சந்தா கட்டியிருந்தது தெரிந்ததும், அப்போ சரி என்று டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஒரே வாரத்தில் 'அது' போய் 'அவள்' ஆகிவிட்டாள். பவளம் எழுந்துட்டாளா, பவளம் வெயில்ல நிக்கிறா பாரு என்று பேச ஆரம்பித்துவிட்டோம்.

அவளிடம் இருந்தது அறுபத்தொரு வசனம்தான், ஆனால் ஒரு தெருவுக்கு அது தாராளம். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வரும் என்று பழகிக்கொண்டு, பதிலுக்கு ஏற்ற மாதிரி கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டோம். இஸ்திரி வண்டி ராஜாமணி தன் பெண்ணைத் தாம்பரத்தில் கொடுக்கலாமா என்று கேட்டாள்; பாதை நல்லாத்தான் இருக்கு, கல்லு மட்டும் குத்தும் என்றாள் பவளம்; அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட ராஜாமணி, கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் முதல் சீராக ஆளுக்கொரு ஜோடி நல்ல செருப்பு எடுத்தாள். வேலை போன ஐடி பையன் ஒருவன் தினமும் வந்து, களைச்சா உக்காரு, யாரும் அடிக்க மாட்டாங்க என்கிற நாற்பத்து நாலாவது வசனத்தைக் கேட்டுவிட்டுப் போவான். எழுதியது ஜெயக்கொடி என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். எனக்கு மறக்கவில்லை, அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை, மொட்டை மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கீழே தன் வசனம் ஊர்ப்பேச்சாக ஆவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

எத்திராஜ் மட்டும் எட்டு நாள் கடையை விட்டு வெளியே வரவில்லை. முதல் நாளே குரல் அவர் காதில் விழுந்துவிட்டது. அப்போது ஒரு சீலிங் ஃபேனுக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்தில் சுற்றின் எண்ணிக்கையைத் தவற விடாத மனிதர் அன்று தவற விட்டு, பிரித்து, மறுபடி சுற்றி, மறுபடி தவற விட்டார். ஒன்பதாம் நாள் பவளமே தெருமுனைக்கு நடந்து போய் அவர் கடை வாசலில் நின்று, தெருவில் யாரிடமும் பேசாத ஒன்றைப் பேசினாள். தண்ணி இருக்கா, தொண்டை கட்டுது என்றாள். அது வசனம் இல்லை, நான் டைப் அடித்ததில் அப்படி ஒரு வரி கிடையாது. எத்திராஜ் எழுந்து எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் எடுத்துவந்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் குறையவில்லை, ஆனாலும் அன்றிலிருந்து தினமும் மாற்றி வைத்தார். எங்களுக்கெல்லாம் வசனம், அவருக்கு மட்டும் இருமலும் தும்மலும் சிரிப்பும் ஏசியைக் குறைங்கப்பாவும். அவர் கடை ஃபேனைக் குறைத்து வைப்பார்.

இப்படியே போயிருந்தால் இது வெறும் சந்தோஷமான சமாச்சாரம். ஆனால் பவளம் இறங்கி வந்ததிலிருந்து மேலே கம்ப்யூட்டரில் இருந்த படத்தில் அவள் இருந்த இடமெல்லாம் கழுதை வடிவத்தில் வெள்ளை ஓட்டையாகிவிட்டது. காக்கா அந்த ஓட்டையைப் பார்த்துப் பேசும், பதிலுக்குக் காத்திருக்கும், பதில் வந்த மாதிரி தலையை ஆட்டும். ஆமை ஓட்டைக்குப் பின்னாலேயே மழையில் நடக்கும். எத்தனை பிரதி எடுத்தாலும் அதே ஓட்டை. அந்த நேரம் பார்த்து, ரெண்டு வருஷம் முன்னால் அரைப் படத்தைப் பார்த்துவிட்டு மௌனமாகிப்போன ஒரு பெரிய குழந்தைகள் சேனலிலிருந்து போன் வந்தது. ஆடி மாசம் முடிவதற்குள் முழுப் படத்தையும் கொடுத்தால் குழந்தைகள் தினத்தன்று பதினோரு மொழியில் போடுவோம் என்றார்கள். அன்று ஜெயக்கொடி என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, பதினோரு மொழி என்று மட்டும் ரெண்டு தடவை சொன்னாள். இருபத்து மூன்று வருஷத்தில் அவள் படத்தை முழுசாக ஒரு ஆயிரம் பேர் பார்த்திருந்தால் அதிகம்.

பவளத்தைத் திரும்பப் படத்துக்குள் போகச் சொல்லி ஜெயக்கொடி பார்த்தாள். தனபாலன் லேப்டாப்பைத் தூக்கிவந்து அவள் முன்னால் படத்தை ஓட விட்டான், அவள் சுவாரசியமாகப் பார்த்தாள், போகவில்லை. ஜெயக்கொடி எழுதியவள் என்கிற உரிமையில் கெஞ்சினாள், கோபித்தாள், முட்டி போட்டு அவள் கழுத்தோரம் குனிந்து காதில் ஏதோ சொன்னாள். நான் எங்கயும் ஓடிப் போகலையே என்கிற இருபதாவது வசனம்தான் பதிலாக வந்தது. கடைசியில் தனபாலன்தான் தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னான். குரல்தானே முதல், படம் அப்புறம். வேறு குரலைப் பதிந்துவிட்டால் வேறு பவளம் வரைந்துகொள்ளலாம், அவசரமென்றால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஆறு வாரத்தில் முடிக்கலாம் என்றான். அப்போ இவள் என்று ஜெயக்கொடி கேட்டதற்கு அவன் நகத்தைக் கடித்தான்.

பிருந்தா என்று ஒரு பெண் வந்தாள், நல்ல குரல், தங்கமான பெண். வியாழக்கிழமை பதினொன்றேகாலுக்கு மேலே ஒலிப்பதிவு அறையில் அவள் முதல் வசனத்தைப் பேசினாள். கீழே பவளத்தின் இடது காதில் நீலம் வெளுத்துப் பென்சில் கோடு மட்டும் நின்றது. ரெண்டாவது வசனத்துக்குக் கோடும் மங்கியது. மூன்றாவதுக்குக் காதே இல்லை. ராஜாமணி இஸ்திரிப் பெட்டியை அப்படியே துணி மேல் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள், அன்றைக்கு ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டை போயிற்று. ஜெயக்கொடி இறங்கி வந்து பார்த்தாள். எத்திராஜ் முன்னமே அங்கே இருந்தார். காது இருந்த இடத்தில், தொட்டும் தொடாமலும், உள்ளங்கையைக் குவித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

ஜெயக்கொடி என் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எத்திராஜும் வந்தார். சண்டைக்கு வரவில்லை, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து நின்றார்.

"ஜெயாம்மா, படம் உங்களுது. நீங்க பட்ட பாடு தெருவுக்கே தெரியும். நான் குறுக்க நிக்க வரல."

"உக்காருங்கண்ணே."

"இல்லம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். முப்பத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணோம். வீட்ல அவ பேசவே மாட்டா. தொண்டை தேஞ்சிடும், நாளைக்கு வேலை இருக்குன்னு எல்லாம் கையிலதான். சாப்பிட வான்னா இப்படி. லைட்டை நிறுத்துன்னா இப்படி. கோவம்னா ஒரு விரல். எனக்கும் அப்படியே பழகிப்போச்சு, நானும் கையிலதான் பேசுவேன். எல்லாருக்கும் பேசினா, எனக்குச் சைகைதான். குறைன்னு சொல்லல, அவ குரல்லதான் எங்க வீட்ல அடுப்பு எரிஞ்சுது. ஆனா அவ சும்மா இருமினா எப்படி இருக்கும், சும்மா சிரிச்சா எப்படி இருக்கும்னு நான் இந்த மூணு மாசமாத்தாம்மா கேக்கறேன்."

ஜெயக்கொடி தலையைக் குனிந்துகொண்டே, இதை ஏன் அண்ணே முன்னாடியே சொல்லல என்றாள்.

"உங்க பொழப்பைக் கெடுத்துட்டு எனக்கு என்னம்மா குரல்" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவள் அழுதாள். நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன், வேறென்ன செய்ய. அழுது முடித்து மேலே போய், பிருந்தாவிடம் மன்னிப்புக் கேட்டு, சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டு, அந்தப் பெண் பேசிய மூன்று வசனத்தையும் அழித்தாள். சாயங்காலத்துக்குள் பவளத்துக்குக் காது திரும்ப வந்தது, கொஞ்சம் கோணலாக. சேனலுக்கு ஜெயக்கொடியே போன் செய்து படம் ஓட்டையோடுதான் வரும் என்றாள். அந்த ஓட்டையில் என்ன இருக்கும் என்று அவர்கள் கேட்க, ஒரு கழுதை, ஆனால் இப்போது வேறு இடத்தில் இருக்கிறாள் என்று இவள் சொல்ல, அவர்கள் மரியாதையாகவே போனை வைத்தார்கள். ஆறு வாரமும் அழகாகக் கடந்துபோயிற்று. நீ ஒரு பைத்தியக்காரி என்று அவளிடம் நான் நேராகவே சொன்னேன். அவள் ஒரு காகிதத்தை நீட்டி, இதை நூறு காப்பி போடு, கலரில் போடு என்றாள்.

அதில் இப்படி இருந்தது: கொடி பிலிம்ஸ் பெருமையுடன் வழங்கும் 'பவளம்', முழுநீளப் பொம்மைப் படம், எழுத்தும் தயாரிப்பும் ஜெயக்கொடி, வரும் ஞாயிறு காலை பதினோரு மணி, நம் தெருக் கல்யாண மண்டபம், அனைவரும் வருக. ஆடி மாசம் முகூர்த்தம் இல்லாததால் மண்டபத்துக்காரர் சும்மாவே கொடுத்தார். ஜன்னலையெல்லாம் போர்வையால் மூடினோம், மணமேடையில் வெள்ளை வேட்டி நாலைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டினோம், ராஜாமணி அதைக் கட்டியபடியே சுருக்கமில்லாமல் தேய்த்துக் கொடுத்தாள். பாயசமும் வடையும் தெருச் செலவு. மாலை நேர ஷூட்டிங் இருந்த ரெண்டு தேவர்களும் ஒரு முனிவரும்கூட வேஷத்தோடு வந்து பின் வரிசையில் உட்கார்ந்தார்கள். எத்திராஜ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், கூடவே பவளமும் நடந்து வந்து, யாரும் சொல்லாமலே திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

படம் ஆரம்பித்தது. மலையடிவாரத்தில் விடிந்தது, உப்பு மூட்டைக்குக் கீழே வெள்ளை ஓட்டை ஒன்று மூச்சு வாங்கியது, அந்த ஓட்டை பேச வேண்டிய சமயத்தில், சரியாக அந்தச் சமயத்தில், திரைக்குப் பக்கத்தில் நின்ற பவளம் பேசினாள். காக்கா ஓட்டையைக் கேட்டது, பவளம் இங்கிருந்து பதில் சொன்னாள், காக்கா தலையை ஆட்டியது. பத்து நிமிஷத்தில் எங்களுக்கு ஓட்டை மறந்துபோயிற்று. குழந்தைகள் ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு கண்ணைக் கழுதையிலும் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். தெரு நாலரை மாசமாகப் புழங்கிப் புழங்கித் தேய்த்த வசனங்களெல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தபோது, இதெல்லாம் இதற்காகவா எழுதியது என்று ஜனங்கள் திரும்பித் திரும்பி ஜெயக்கொடியைப் பார்த்தார்கள். நாற்பத்து நாலாவது வசனம் வந்தபோது அந்த ஐடி பையன் வாய்விட்டு அழுதான், முனிவர் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். என் வாழ்க்கையில் நான் டைப் அடித்த எத்தனையோ கதைகளில் ஒன்று உருப்பட்டுவிட்டது என்று எனக்குக் கர்வமாகக்கூட இருந்தது.

கடைசியில் கடல் வந்தது. தனபாலன் கடலைப் பிரமாதமாக வரைந்திருந்தான், அலை ஒவ்வொன்றும் வந்து வேட்டித் தையலில் முட்டித் திரும்பியது. வெள்ளை ஓட்டை கரையில் போய் நின்று மூட்டையை இறக்கியது. இங்கேதான் அந்த அறுபத்திரண்டாவது வசனம், இந்தா உன்னோடதை நீ வச்சுக்கோ என்று கடலிடம் சொல்ல வேண்டியது, கோமளா பேசாமல் போனது. அது இல்லை என்பது ஜெயக்கொடிக்கும் எனக்கும் தனபாலனுக்கும் தெரியும். அலை வந்தது, போயிற்று. காக்கா காத்திருந்தது, ஆமை காத்திருந்தது, மண்டபம் காத்திருந்தது.

பவளம் திரையைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பினாள். கழுதைக் குரல் இல்லாமல், பையன் குரல் இல்லாமல், நாயகி குரல் இல்லாமல், ஒரு நாள் வேலை முடிந்து களைத்துப்போன பொம்பளையின் சொந்தக் குரலில் கேட்டாள்.

"போதுமாங்க? நான் கிளம்பட்டுமா?"

எனக்குப் பக்கத்தில் இருந்த ஜெயக்கொடி என் கையைப் பிடித்தாள், நகம் பதிகிற அளவுக்கு. அந்த ஏழாம் நாள் சாயங்காலம் கோமளா மைக் முன்னால் கேட்டது அது; கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஜெயக்கொடி யாரோ ஒரு பைனான்ஸ்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் அசைத்தாள், கோமளா பதில் வருமா என்று கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். இதை அவள் எனக்குச் சொன்னது அப்புறம். அந்த நிமிஷம் அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், எழுந்திருக்க முடியவில்லை.

எழுந்தவர் எத்திராஜ். முதலில் அவர் கைதான் மேலே போயிற்று, வீட்டில் பழகிய கை, விரல்களை விரித்து ஏதோ சொல்ல ஆரம்பித்தது. பாதியிலே அவர் கையைக் கீழே இறக்கிவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போதும் கோமளா" என்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, வாய்விட்டுச் சொன்னார். "நிறைய பேசிட்ட. போயிட்டு வா."

பவளம் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். அப்புறம் திரும்பி, நாலு வேட்டித் திரைக்குள், வாசற்படி ஏறுகிற மாதிரி ஒரு காலைத் தூக்கி வைத்து ஏறிப்போய், கரையில் இருந்த ஓட்டையில் போய் நின்றாள். ஓட்டை மூடிக்கொண்டது. கடலுக்குப் பக்கத்தில் கோணல் காதோடு ஒரு நீலக் கழுதை, காலடியில் முதல் தடவையாக நிழலோடு நின்றுகொண்டிருந்தது, அலை வந்து உப்பு மூட்டையை இழுத்துக்கொண்டு போனது, பேர்கள் ஓடின. குரல் கோமளா என்று வந்தபோது யாரும் கை தட்டவில்லை, எல்லோரும் எழுந்து நின்றோம்.

விளக்கைப் போட்ட பிறகும் யாரும் கிளம்பவில்லை. தனபாலன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அக்கா, பவளம் முழுசா இருக்கா, முதல் சீன்லருந்து எல்லாத்துலயும் இருக்கா என்றான். அதாவது, சேனல், பதினோரு மொழி, எல்லாம் மறுபடி கேட்டுப் பார்க்கலாம். ஜெயக்கொடி அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. அவள் எத்திராஜிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். கல்யாண மண்டபத்தில் பெண்ணை அனுப்பிவிட்டு நிற்கிறவர்கள் மாதிரி ரெண்டு பேரும் நின்றார்கள். அப்புறம் அவர் கேட்டார், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டார்.

"ஜெயாம்மா, இன்னொரு வாட்டி முதல்லருந்து போட முடியுமா?"

"எத்தனை வாட்டி வேணும்னாலும் போடலாம்ணே" என்றாள் ஜெயக்கொடி. "அதுக்குத்தானே படம் எடுக்கறது."